ஒன்பது பி-யின் சராசரி

செவ்வாய்க்கிழமை காலை வந்த சாம்பிள்களில் பதினேழாவது டியூப் சம்யுக்தாவுடையது. அன்று காலை வீட்டுச் சமையலறையில் மகளை ஸ்டூலில் உட்காரவைத்து அம்சவேணியே எடுத்த ரத்தம்தான். ஆனாலும் மற்ற டியூப்களோடு வரிசையில் நின்றபோது, அதன் மேல் ஒட்டியிருந்த பெயரை அவள் இரண்டு முறை படித்தாள்.

கோவை கணபதியில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பதினான்கு வருட அனுபவம். மெஷின் எண்ணைக் காட்டியதும் டியூபைக் குலுக்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே எண். வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள். ஈஸ்வரமூர்த்தி மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பின்னால் ஏதோ ஓடும் சத்தம் கேட்டது.

"ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டுங்க."

"அப்படின்னா?"

"உங்களுக்குப் பார்த்தா பதினாலு இருக்கும்."

பின்னால் ஓடிய சத்தம் நின்றது. "நேத்தும் அவ தட்டுல வச்சது அப்படியேதான் இருந்துச்சு," என்றார் அவர்.

ஐந்து மாதத்தில் சம்யுக்தா பதினோரு கிலோ இளைத்திருந்தாள். இருபத்தாறு நாளாக யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையாட்டுவாள், கை காட்டுவாள், அவ்வளவுதான். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று காது மூக்கு தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளுக்கு வயது பதினான்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்து, படுக்கப் போகும்வரை பேசிக்கொண்டிருந்த பெண். 'ஆக்சுவலா' என்று தொடங்காமல் அவளுக்கு ஒரு வாக்கியம் வராது. ஆக்சுவலா இன்னிக்கு பயாலஜி மிஸ் வரலம்மா. ஆக்சுவலா எனக்குப் பசிக்கவே இல்ல. இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, ஒன்பதாம் வகுப்புக்கு அவள் போகும்வரை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் வந்திருந்தது. பதினெட்டு வயது நிறையாதவர்கள் பழைய சமூக ஊடகங்கள் எதிலும் இருக்கக் கூடாது. அவர்களுக்கென்று தனியாக ஒன்றை நடத்தலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் பிள்ளைகளின் மனநலம் வருடா வருடம் உயர்ந்தாக வேண்டும், உயராத பள்ளியில் மூடிவிட வேண்டும். அப்படி வந்ததுதான் 'வட்டம்'. சம்யுக்தாவின் பள்ளிக்கு அது அந்த வருடம் ஜூனில்தான் வந்தது. ஒரு வகுப்புக்கு ஒரு வட்டம். வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. பிள்ளைகள் கையில் கட்டியிருக்கும் பட்டை நாடித் துடிப்பையும் தூக்கத்தையும் பார்க்கும். அதோடு குரல், முகம், தட்டச்சு செய்யும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மன அளவு போடும். தனித்தனி அளவைப் பள்ளியின் மனநல ஆலோசகர் மட்டும்தான் பார்க்கலாம். பெற்றோருக்குத் தெரிவது வகுப்பின் சராசரி.

அந்தச் சராசரியைப் பள்ளி நுழைவாயிலில் பெரிய திரையில் போட்டிருந்தார்கள். ஒன்பது பி ஜூன் மாதம் அறுபத்தொன்றில் இருந்தது. அக்டோபரில் எழுபத்தெட்டு. அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் லட்டு கொடுத்தார்கள். சம்யுக்தா தன் பங்கை டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தொடக்கம் மிகச் சாதாரணமாக இருந்தது. அறிவியல் கண்காட்சிக்கு யார் என்னோடு சேருகிறீர்கள் என்று அவள் வட்டத்தில் கேட்டிருக்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் போனால் எல்லாரும் குழு பிரித்து முடித்திருந்தார்கள். உன் மெசேஜ் லேட்டாகத்தான் வந்தது என்று அவளுடைய நெருங்கிய தோழி ஹர்ஷிதா சொன்னாள். சம்யுக்தாவால் அதை நம்ப முடியவில்லை. பிறகு, வாய் நிறைய சாப்பாட்டோடு அவள் திரும்பிப் பார்க்கும் அரை நொடி வீடியோ. அதற்குப் பிறகு யாரோ அவள் பேசிய பழைய வீடியோக்களிலிருந்து 'ஆக்சுவலா'க்களை மட்டும் வெட்டி எடுத்து, தாளம் போட்டு ஒரு பாட்டாக்கினார்கள். மொத்தம் நாற்பத்தொரு ஆக்சுவலா. வகுப்பில் அவள் பெயர் 'ஆக்சு' என்றானது. முதலில் அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலிருக்கப் பழகினாள். அந்த வார்த்தை இல்லாமல் வாக்கியம் தொடங்க வரவில்லை. பிறகு வாக்கியங்களையே விட்டுவிட்டாள்.

அம்சவேணி ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

மனநல ஆலோசகர் ஜெசிந்தாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்த வருடம் ஜூனில்தான் சேர்ந்தவள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"உங்க பொண்ணோட மன அளவு பதினொண்ணு. இதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது, சட்டப்படி தப்பு."

"நூத்துக்குங்களா மிஸ்?"

"நூத்துக்கு."

அம்சவேணி கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "எங்க தப்புப் பண்ணுனோம்னே தெரியலைங்க. ஒரே புள்ள. திட்டக்கூட மாட்டோம்."

"நீங்க ஒண்ணும் பண்ணல. இதைப் பாருங்க." ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். கணினியிலிருந்து அச்செடுக்க அனுமதியில்லாததால் அவளே கையால் வரைந்தவை. முதல் காகிதம் ஒன்பது பி. முப்பத்தெட்டுப் புள்ளிகள். முப்பத்தேழு மேலே கூட்டமாக இருந்தன. ஒன்று மட்டும் காகிதத்தின் அடியில்.

"அது சம்யுங்களா?"

"ஆமா. இது ஒன்பது ஏ. இது பத்து சி. இது ஏழு பி."

எல்லாக் காகிதத்திலும் அடியில் ஒரு புள்ளி இருந்தது. இருபத்திரண்டு காகிதங்கள்.

"புள்ளைங்க கேலி பண்றது புதுசில்ல," என்றாள் ஜெசிந்தா. "ஆனா அது இப்படி இருக்காது. ஒரு வகுப்புல அஞ்சு பேர் அழுவாங்க. இன்னொரு வகுப்புல யாருமே அழ மாட்டாங்க. இங்க எல்லா வகுப்புலயும் ஒண்ணு. ரெண்டும் இல்ல, இல்லாமலும் இல்ல. யாரோ பங்கு போட்டுக் குடுத்த மாதிரி."

அம்சவேணி ஒரு காகிதத்தில் கை வைத்தாள். எட்டு சி. அதில் மட்டும் கீழே இரண்டு புள்ளிகள், ஒன்று நீல மையில், ஒன்று சிவப்பு மையில்.

"இதுல ரெண்டு இருக்குதுங்களே மிஸ்?"

"ஒரே நேரத்துல இல்ல. நீலப் புள்ளி ஒரு பையன். ஆகஸ்டுல அவன் போயிட்டான். அடுத்த வாரமே சிவப்பு கீழ வந்துடுச்சு. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு எண்பதுல இருந்தா."

"அந்தப் பையன் வேற ஸ்கூல் மாறிட்டானுங்களா?"

ஜெசிந்தா காகிதங்களை ஒன்றுசேர்த்து, மேசையில் தட்டி, ஓரங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அம்சவேணி மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கே இருவரும் சேர்ந்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினார்கள். சட்டத்தில் இதற்கும் ஒரு விதி இருந்தது. புகார் வந்தால் வட்டத்தை நடத்தும் நிறுவனம் அந்த வகுப்பின் பெற்றோர்களைக் கூட்டி உண்மையைச் சொல்ல வேண்டும். வட்டம் தொடரலாமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் வாக்களித்து முடிவு செய்யலாம். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று முன்கூட்டியே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். முப்பத்தெட்டுக் குடும்பங்களும் வந்திருந்தன. அம்சவேணிக்குப் பக்கத்தில் ஹர்ஷிதாவின் அம்மா கலாமணி உட்கார்ந்தாள். இருவரும் எல்கேஜி வாசலிலிருந்து பழக்கம். கலாமணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நிறுவனத்திலிருந்து சென்னைப் பொறியாளர் ஒருவன் வந்திருந்தான். பெயர் பிரணவ். மெலிந்த உடம்பு, மென்மையான குரல். எதையும் மறைக்கும் எண்ணம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"வட்டம் எதையும் எழுதாது, எதையும் அழிக்காது," என்று ஆரம்பித்தான். "யார் போட்டதை யாருக்கு, எப்போ காட்டணும்ங்கறதை மட்டும்தான் அது முடிவு பண்ணும். ஒருத்தரோட மெசேஜை நாப்பது நிமிஷம் தள்ளி காட்டும். ஒரு படத்தை, அந்த நேரத்துல போரடிச்சு உக்காந்திருக்கற பதினோரு பேருக்கு முதல்ல காட்டும். மீதியைப் பிள்ளைங்களே பார்த்துப்பாங்க."

"எதுக்கு அப்படி?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"சராசரியை ஏத்தணும்னு மட்டும்தான் சார் நாங்க அதுக்குச் சொன்னோம். சட்டம் எங்களைக் கேட்டது அதைத்தான். அது லட்சக்கணக்கான சின்னச் சின்ன விஷயத்தைச் செஞ்சு பார்த்துச்சு. எல்லாரும் சேர்ந்து சிரிக்க ஒரே ஒரு ஆள் இருந்தா, மத்தவங்க ஒருத்தரை ஒருத்தர் கடிக்கறதில்ல. ஒத்துமையா இருக்காங்க, நல்லாத் தூங்கறாங்க, நல்லாச் சாப்பிடறாங்க. இதை நாங்க சொல்லிக் குடுக்கல. அதுவா கண்டுபிடிச்சுது. எங்களுக்கே ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரியும்."



"தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கோணுமில்ல," என்றாள் அம்சவேணி. தன் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

"நிறுத்திப் பார்த்தோம் மேடம், மூணு ஸ்கூல்ல. கீழ இருந்த பிள்ளை மேல வந்துச்சு, உண்மை. ஆனா ரெண்டு மாசத்துல வகுப்புக்கு நாலு பேர் ஆபத்தான நிலைக்குப் போயிட்டாங்க. வட்டம் வர்றதுக்கு முன்னாடி எப்பவும் இருந்த அதே நாலு. முன்ன நாலு, இப்ப ஒண்ணு. இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆனா கணக்கு அதுதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அந்த ஒண்ணு யாருங்க?"

"பேர் சொல்ல அனுமதி இல்ல. ஆனா உங்க பிள்ளையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு."

பிரின்சிபால் ஒவ்வொருவருக்கும் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்துக்கொண்டே வந்தார். கூடம் முழுவதும் காகிதம் கிழியும் சத்தம். படித்தவர்களின் தோள்கள் ஒவ்வொன்றாகத் தாழ்வதை அம்சவேணி பார்த்தாள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலாமணி படித்துவிட்டு உறையை நான்காக மடித்து, பிளவுஸுக்குள் செருகிக்கொண்டாள். அப்போது அவளுடைய இன்னொரு கை அம்சவேணியின் கையை விட்டிருந்தது.

அம்சவேணி தன் உறையைப் பிரிக்கவில்லை. பிரிக்காததைப் பலர் பார்த்தார்கள்.

பிறகு வாக்குச் சீட்டு. தொடர வேண்டும் என்றால் டிக், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. அம்சவேணி எழுந்து நின்றாள்.

"என்ற புள்ள பேசி ஒரு மாசம் ஆச்சுங்க," என்றாள். "உங்க எல்லாருக்கும் அவளைத் தெரியும். உங்க வீட்டுக்கெல்லாம் பிறந்தநாளுக்கு வந்திருக்கறா."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் மேலும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

பிரின்சிபால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுகளைப் பிரித்து எண்ணினார். முப்பத்தேழு டிக். ஒரு பெருக்கல் குறி.

படிக்கட்டில் கலாமணி அவளைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள்.

"அக்கா, என்னைத் தப்பா நினைக்காதீங்க. ஹர்ஷி போன வருஷம் முச்சூடும் தூங்கலைங்க. கதவைச் சாத்திட்டு உக்காந்துக்குவா. நானும் அவ அப்பாவும் மாத்தி மாத்திக் காவல் இருந்தோம். உங்ககிட்டகூட அதைச் சொன்னதில்ல. இப்பத்தான் அவ நல்லாத் தூங்கறா."

"என்ற புள்ளைய வச்சுத்தான் தூங்கறா."

"தெரியுதுங்கக்கா," என்றாள் கலாமணி. "தெரிஞ்சுதான் போட்டேன்."

அம்சவேணி கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பிரணவ் தனியாக வந்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா? இது கம்பெனி சொல்றது இல்ல, நான் சொல்றது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்கூல் மாத்திடுங்க. வகுப்பு மாத்தினா பத்தாது, அந்தப் பட்டப் பேர் கூடவே வரும். ஸ்கூலையே மாத்துங்க. அவங்க போற வகுப்புல ஏற்கெனவே ஒருத்தர் இருப்பாங்க. ஒரு வகுப்புக்கு ரெண்டு தேவைப்படாது. புதுசா வர்றவங்களை அது தொடறதில்ல. அந்த ஒருத்தர் இருக்கற வரைக்கும் உங்க பொண்ணு பத்திரமா இருப்பாங்க."

"இங்க?"

"இங்க ஒரு வாரத்துல வேற ஒருத்தர் வருவாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது, யாராலயும் சொல்ல முடியாது." அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா மேடம். பிளஸ் ஒன். அவளை ரெண்டு தடவை மாத்திட்டேன்."

அவன் உதவி செய்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. நன்றி என்றுகூடச் சொன்னாள்.

திங்கட்கிழமை சம்யுக்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரும்புச்சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். பழுப்பு நிற மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மதிய வெயில் கட்டில் மேல் விழுந்தது. அம்சவேணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டது அவள் நினைவுக்கு வரவேயில்லை. உன்னைப் பிடிக்காமல் யாரும் செய்யவில்லை, ஒரு மெஷின் உன்னைப் பொறுக்கியது, உன் இடத்தில் யாரை வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று புரியவைக்கத்தான் அவ்வளவும் சொன்னாள்.

சம்யுக்தா நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உதடு பிரிந்து ஒட்டியது. ஒரு மாதத்துக்கு மேல் பயன்படாத குரல் கரகரவென்று வந்தது.

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலையாம்மா?"

"ஒண்ணுமே பண்ணல தங்கம்."

அம்சவேணி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அழுகை அடங்குவதற்குள் சம்யுக்தா அடுத்ததைக் கேட்டாள்.

"இப்ப அங்க யாரும்மா?"

தன் மகள் பேசிவிட்ட சந்தோஷத்தில் அம்சவேணி அந்தக் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி நான்கைந்து பள்ளிகளை விசாரித்து வந்தார். ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது ஏ-யில் ஓர் இடம் காலியாக இருந்தது. சேர்க்கைக்குப் போன அன்று அம்சவேணி அலுவலகத்தில் உடனே படிவம் நிரப்பவில்லை. மாடி வராந்தாவுக்குப் போய், இடைவேளையில் ஒன்பது ஏ-யின் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கும்பல் கும்பலாகப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தனியாக, திறந்த டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே கவளத்தை நெடுநேரமாகக் கையில் பிடித்திருந்தாள். நெற்றிக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லை. பிய்த்துப் பிய்த்து வந்த வழுக்கை அது. அம்சவேணி அந்தப் பெண்ணைச் சரியாக இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு கீழே போய்ப் படிவத்தை நிரப்பினாள்.

மூன்று வாரத்தில் சம்யுக்தா முழு வாக்கியங்கள் பேசினாள். ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டது. டிசம்பரில் ஒருநாள் செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்து, வாசலில் நின்றபடியே பத்து நிமிடம் பேசினாள். அம்சவேணி அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். புதுத் தோழிகள், அவர்களுடைய பட்டப் பெயர்கள், யார் யாரோடு பேசுவதில்லை. அந்தப் பேச்சில் மிதுலா என்று ஒரு பெயர் அடிக்கடி வந்தது. மிதுலா தினமும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் டிரைவருக்கு டாட்டா காட்டுவாளாம். அந்தக் கையை மட்டும் வெட்டி எடுத்து, முதலமைச்சருக்கு, சிங்கத்துக்கு, சாமி சிலைக்கு எல்லாம் டாட்டா காட்டுவது போல யாரோ வீடியோ செய்திருக்கிறார்களாம்.

"நீ பண்ணலையே?" என்று கேட்டாள் அம்சவேணி.

"இல்லம்மா. நான் சிரிச்சேன், அவ்வளவுதான்."

ஜனவரி இரண்டாவது ஞாயிறு காலை ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். பழைய பள்ளியிலிருந்து அவளை அனுப்பிவிட்டார்கள், இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் இருக்கிறாள் என்று போனில் சொல்லியிருந்தாள். கூட ஒரு பெண். நைந்துபோன கைத்தறிப் புடவை, கையில் துணிப் பை.

"இவங்க செல்வராணி," என்றாள் ஜெசிந்தா. "இவங்க பொண்ணு என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றா. நாங்க ஹைகோர்ட்டுக்குப் போறோம். ஒரே குடும்பம் போனா, அந்தப் பொண்ணுக்கு ஏதோ பிரச்சினைன்னு தள்ளிடுவாங்க. வேற வேற ஸ்கூல்லருந்து ரெண்டு பேர் சொன்னாத்தான் இது எல்லா இடத்துலயும் நடக்குதுன்னு நிக்கும். ஒரு கையெழுத்துப் போதும், அக்கா. வழக்கு எடுத்தாலே வட்டத்தை எல்லா ஸ்கூல்லயும் நிறுத்தி வைப்பாங்க."

"எல்லா ஸ்கூல்லயுமா?"

"எல்லாத்துலயும்."

செல்வராணி பேச்சில் கவனமில்லாமல் பின்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் மெரூன் கட்டம் போட்ட சட்டை காய்ந்தது.

"உங்க புள்ளயும் அந்த ஸ்கூல்தானுங்களா?" என்றாள். முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது. "என்ற மிதுலாவும் அங்கதானுங்க. ஒன்பது ஏ."

ஜெசிந்தா மெதுவாகத் திரும்பி அம்சவேணியைப் பார்த்தாள். "சம்யு எந்த வகுப்பு?"

"ஒன்பது ஏ," என்றாள் அம்சவேணி.

"தெரிஞ்சுதான் சேர்த்தீங்களா?"

அம்சவேணி கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தாள். செல்வராணிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"ஏனுங்க, உங்க புள்ளகிட்ட கொஞ்சம் சொல்றீங்களா? மிதுலாகிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லி. வேற ஒண்ணும் வேண்டாமுங்க. சாப்பிட்டியான்னு கேட்டாப் போதும். எட்டு மாசமா அவகிட்ட ஒருத்தரும் அதைக் கேக்கலையாம்."

"சொல்றேங்க," என்றாள் அம்சவேணி. ஜெசிந்தா பக்கம் திரும்பி, "கையெழுத்துப் போட முடியாதுங்க மிஸ்," என்றாள்.

"வட்டம் நின்னா சம்யு திரும்பக் கீழ போவான்னு பயப்படறீங்களா? நிச்சயமா போவான்னு இல்ல. நாலு பேர்ல ஒருத்தியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"இப்ப அவ எந்த நாலுலயும் இல்ல."

"முதல்ல என்கிட்ட வந்தது நீங்கதான்."

"ஆமாங்க," என்றாள் அம்சவேணி. "அன்னிக்கு என்ற புள்ள கீழ இருந்தா."

ஜெசிந்தா காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.  செல்வராணி மட்டும் படியிறங்கியபின் திரும்பி நின்று, "மறந்துராதீங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அறைக் கதவு திறந்தது. சம்யுக்தா கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை.

"மிதுலாவோட அம்மாதானே?"

"ம்."

"அவங்க அம்மா இப்படி இருப்பாங்கன்னு நான் நினைக்கல." கைப் பட்டையை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நான் அவகிட்டப் பேசட்டுமாம்மா? சாப்பிட்டியான்னு மட்டும்?"

அம்சவேணி மகளின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் திரும்ப வந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. அந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

"சரிம்மா," என்றாள் சம்யுக்தா.

அவ்வளவு உடனே சொல்வாள் என்று அம்சவேணி எதிர்பார்க்கவில்லை.